இரண்டாண்டுப் படிப்பு இளப்பமானதா?

கோடை உழவு முடிந்து, ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்று டெல்டா மாவட்ட விவசாயிகள் எதிர்பார்த்திருக்கும் நாட்களில்தான் கல்லூரிகளும் கதவைத் திறக்கின்றன. விதை நெல்லுக்கும் உரத்திற்கும் பணம் வேண்டும். பிளஸ் டூ தேறிய பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் பணம் வேண்டும். பெரும்பாலான விவசாயக் குடும்பங்களில் இவ்விரண்டு செலவுக்கும் வழி ஒன்றே. அது நகைக்கடன்.

விதை வாங்கச் செல்லும் விவசாயி பல கேள்விகள் கேட்கிறார். ரகத்தின் வயது என்ன? எத்தனை நாளைக்குத் தண்ணீர் வேண்டும்? நோய் தாங்குமா? விளைந்த நெல்லை யார் வாங்குவார்கள்? இத்தனையும் கேட்டுத் தெளிந்த பிறகே மூட்டையைத் தூக்குகிறார். அதே விவசாயி, பிள்ளையின் படிப்பு என்று வரும்போது இவற்றில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. அடுத்த வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்பதே போதுமானதாகி விடுகிறது.

இதனால் ஒதுக்கப்படுபவை இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகளும் தொழிற்பயிற்சிகளும்தான். "இரண்டு வருஷப் படிப்பா? அது மார்க் குறைந்த பையன்களுக்கு உள்ளது" என்ற பேச்சு கிராமங்களில் வேரோடி இருக்கிறது. குறுவைக்கு 110 நாள் வயதுள்ள ஏ.டி.டி. 43 ரகத்தையும், சம்பாவுக்கு 155 நாளுக்குக் குறையாத சி.ஆர். 1009 ரகத்தையும் விதைக்கிற விவசாயி, வயது குறைந்தது என்பதற்காக முன்னதை மட்டமான நெல் என்று ஒதுக்குவதில்லை. அந்தப் பருவத்திற்கு அதுவே ஏற்றது என்கிறார். படிப்பின் தரத்தையும் ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது பொருந்தாது.

ஒரு வீட்டின் நிலைமை

மூன்று ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு குடும்பம். மூத்த மகனை நான்காண்டுப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க வீட்டு நகை வங்கிக்குப் போயிற்று. பட்டம் வந்தது, பட்டத்திற்குரிய வேலை வரவில்லை. மகன் இப்போது நகரத்தில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை பார்க்கிறான். நகைக்கு வட்டி மட்டும் ஆண்டுதோறும் கட்டப்பட்டு வருகிறது. இவ்வாண்டு இளைய மகள் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். தந்தை மறுபடியும் அதே வங்கியின் வாசலில் நிற்கிறார்.

இத்தகைய வீட்டை எந்த ஊரிலும் காணலாம். குறை அந்த மகனிடத்திலும் இல்லை. பொறியியல் கல்வியிலும் இல்லை. படிப்பு முடிந்ததும் வேலை கொடுக்கப் போகிறவர் யார் என்பதைச் சேர்வதற்கு முன்னால் ஒருவரும் விசாரிக்கவில்லை என்பதே குறை.

அதே ஊரை வேறொரு பக்கமிருந்து பார்ப்போம். பயிரில் புள்ளி விழுந்தால், மருந்துக் கடையில் கல்லாவில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பதே மருந்து. குறுவை அறுவடையின்போது மழை மிரட்டிக் கொண்டிருக்க, அறுப்பு இயந்திரம் வயலில் பழுதாகி நிற்கிறது. மெக்கானிக் வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். சொட்டுநீர்க் குழாய் அடைத்துக் கொண்டால் கம்பெனி ஆள் வரும் வரையில் வாழை காய்கிறது. ஊரில் வேலை இருக்கிறது. அந்த வேலையை முறைப்படி கற்றவர்தான் இல்லை. இரண்டாண்டுப் படிப்பு படித்தவர்கள் நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

வேளாண் பட்டயம்

தமிழகத்தில் வேளாண் கல்வி 1868-ம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1906-ம் ஆண்டு அது கோவைக்கு மாறியது. 1971-ம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பிளஸ் டூவுக்குப் பின் வேளாண்மையிலும் தோட்டக்கலையிலும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகளை இப்பல்கலைக்கழகம் நடத்தி வந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் பட்டயப் படிப்பு உண்டு.

இப்படிப்பு படித்தவர்களின் பணி விவசாயிகளுக்குப் புதிதன்று. 1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, சைக்கிளில் ஊர் ஊராக வந்த கிராம சேவக்கை வயதானவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் செய்த பணியின் தொடர்ச்சியே இன்றைய உதவி வேளாண்மை அலுவலரின் பணி. ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரக நெல் சிறு விவசாயியின் வயலுக்குள் நுழைந்ததில், இத்தகைய களப்பணியாளர்களின் பங்கு பெரியது. நாற்றங்காலில் இறங்கிக் காட்டத் தெரிந்தவரின் சொல்லையே விவசாயி கேட்டார்.

ஆனால், வேளாண்மை என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு படிப்பு நல்ல படிப்பாகி விடாது. வேளாண் பட்டயமானாலும் வேறு எந்த இரண்டாண்டுப் படிப்பானாலும், அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். உரிமம், ஊதியம், உயர்வு என்பவையே அம்மூன்று.

முதற் சோதனை: உரிமம்

சட்டம் கேட்கிற சான்றிதழுக்கு மதிப்பு குறைவதில்லை. சட்டம் கேட்காத சான்றிதழின் மதிப்பு, கொடுப்பவரின் விளம்பரத்தைப் பொறுத்தது.

மருந்துக் கடை நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்பது சட்டம். ஆகவேதான் இரண்டாண்டு வகுப்பும் அதன் பின் செய்முறைப் பயிற்சியும் கொண்ட மருந்தாளுநர் பட்டயம் நீண்ட காலமாக நிலைத்து நிற்கிறது. பயிர் மருந்துக் கடைகளுக்கு முன்பு இத்தகைய விதி இல்லை. யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்று விற்று வந்தனர். 2015-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் இந்நிலையை மாற்றியது. விற்பனை உரிமம் வேண்டுபவர் உரிய கல்வித் தகுதி பெற்றிருக்க வேண்டும், அல்லது தகுதி பெற்றவரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்று ஆயிற்று. பின்னர் வந்த திருத்தம் வேளாண் பட்டயம் பெற்றவர்களுக்கும் இவ்வாய்ப்பைத் திறந்து விட்டது.

ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்காக ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ம் ஆண்டு தனிப் பட்டயம் ஒன்றைத் தொடங்கியது. வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரங்கள். 40 வகுப்புகளும் 8 களப் பயணங்களும் கொண்டது. உரக்கடைக்காரரின் பிள்ளைக்கு அது போதுமானதாக இருக்கலாம். கடை இல்லாத விவசாயியின் பிள்ளைக்கு இரண்டாண்டுப் பட்டயமே கைகொடுக்கும். அதைக் கொண்டு கடையும் வைக்கலாம், வேறு வேலைக்கும் போகலாம்.

இரண்டாம் சோதனை: ஊதியம்

அரசு வேலை என்ற ஒன்றையே எண்ணிக் கொண்டு இப்படிப்பில் சேர்பவர்கள் ஏமாற்றமடைய நேரிடும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023-ம் ஆண்டு உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிகளுக்கு அறிவிப்பு வெளியிட்டது. இரண்டாண்டுப் பட்டயமே அதற்குத் தகுதி. அடிப்படைச் சம்பளம் ரூ. 20,600. அகவிலைப்படியும் பிறவும் சேர்ந்தால் நல்ல வருவாய். ஆயினும், இரு பணிகளுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட இடங்கள் 263 மட்டுமே. இத்தகைய அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதுமில்லை. அரசு வேலை கிடைத்தால் அது போனஸ் என்று கொள்ள வேண்டும். அதை மட்டும் நம்பிப் பயிர் வைக்கலாகாது.

தனியார் துறையில் வேலை பல உண்டு. வீரிய ஒட்டு விதை உற்பத்தியைக் களத்தில் மேற்பார்வையிட ஆள் தேவைப்படுகிறது. சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்புக் களப்பணியாளர் வேண்டும். பல்லடம், உடுமலை வட்டாரங்களில் ஒப்பந்தக் கோழிப் பண்ணைகளைச் சுற்றி வர மேற்பார்வையாளர் வேண்டும். சொட்டுநீர்க் கம்பெனிகள், நாற்றுப் பண்ணைகள், திசு வாழை ஆய்வகங்கள் ஆகியவையும் ஆள் தேடுகின்றன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வேலைகளில் தொடக்கச் சம்பளம் பெரியதன்று. மோட்டார் சைக்கிளில் நாளெல்லாம் அலைய வேண்டும். மருந்துக் கம்பெனியானால் மாதந்தோறும் இவ்வளவு விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியும் உண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொழில் பழகும் காலமாகக் கருதிப் பொறுத்துக் கொள்பவருக்கே பிற்பாடு நல்ல வருவாய் வாய்க்கிறது. பிராஞ்சு மேலாளர் நாற்காலியை முதல் மாதமே எதிர்பார்ப்பவருக்கு இத்துறை ஒத்து வராது.

மூன்றாம் சோதனை: உயர்வு

படிப்பு முடிந்த இடத்திலேயே வாழ்க்கையும் முடிந்து விடலாகாது. மேலே ஏற ஒரு படியாவது இருக்க வேண்டும்.

2002-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதலில் பட்டதாரிகளுக்கென்று வந்த இத்திட்டத்தின் விதிகள், பின்னர் 50 சத மதிப்பெண் பெற்ற பட்டயதாரர்களையும் சேர்த்துக் கொண்டன. கட்டணமில்லாப் பயிற்சி, தனிநபருக்கு ரூ. 20 லட்சம் வரையிலான திட்டத்திற்கு வங்கிக் கடன், அதில் 36 சத மானியம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கும் 44 சத மானியம் என்று அதன் விதிகள் வகுக்கப்பட்டன. மண் பரிசோதனை, நாற்றங்கால், இயந்திர வாடகை நிலையம் என்று பல தொழில்கள் இதில் அடங்கும்.

2020-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தையும் கவனிக்க வேண்டும். அமைப்பின் முதன்மைச் செயல் அலுவலராக உள்ளூரைச் சேர்ந்த, பிளஸ் டூவுடன் வேளாண் பட்டயம் பெற்றவரைக்கூட நியமிக்கலாம் என்று அதன் வழிகாட்டு நெறிகள் இடம் தந்தன. அவருடைய சம்பளத்திற்கு மாதம் ரூ. 25,000 வரை, முதல் மூன்று ஆண்டுகளுக்கு உதவியும் வகுக்கப்பட்டது. கணக்கு எழுதவும், மண்டியில் விலை பேசவும், வயலில் இறங்கவும் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. மூன்று ஆண்டுக்குப் பின் அச்சம்பளத்தை அமைப்பே ஈட்டித் தர வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

கருவி பிடிக்கும் கை

வேளாண் பட்டயத்திற்கு இணையாக எண்ணத்தக்கது ஐ.டி.ஐ. பயிற்சி. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், வேளாண் இயந்திர மெக்கானிக் ஆகிய பிரிவுகள் இரண்டாண்டு கொண்டவை. உழவு முதல் அறுவடை வரை இயந்திரத்தின் கைக்கு வந்துவிட்ட காலம் இது. 2014-15-ம் ஆண்டு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் உதவியால் வாடகை நிலையங்கள் பெருகின. பவர் டில்லரும், ரோட்டவேட்டரும், நடவு இயந்திரமும் வட்டாரத்திற்கு வட்டாரம் வந்து சேர்ந்தன. அவற்றைப் பழுது பார்ப்பவர் அதே வேகத்தில் பெருகவில்லை.

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் நவீன இயந்திரங்களுடன் கூடிய தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. மேற்படிப்புக்குக் கதவு மூடப்படவில்லை. "பிள்ளையைப் படிக்க வைத்துக் கையில் ஸ்பேனரைக் கொடுப்பதா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். மழைக்கு முன் அறுப்பு இயந்திரத்தை ஓட வைப்பவரின் கையில் இருப்பது அந்த ஸ்பேனர்தான்.

ஒரு பாடம்

இரண்டாண்டுப் படிப்புகள் அனைத்தும் நல்லவை என்பதன்று இதன் பொருள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயமும் இரண்டாண்டுப் படிப்பே. ஒரு காலத்தில் அதைப் படித்தால் அரசுப் பள்ளி வேலை நிச்சயம் என்று கருதப்பட்டது. 2000-ம் ஆண்டுக்குப் பின் தனியார் பயிற்சி நிறுவனங்கள் புற்றீசல் போலப் பெருகின. பல விவசாயிகள் ஆடு மாடு விற்றுப் பிள்ளைகளைச் சேர்த்தனர். பயிற்சி பெற்றவர் தொகை ஏறிக் கொண்டே போக, காலியிடங்கள் ஏறவில்லை. 2012-ம் ஆண்டு தமிழகத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. சான்றிதழ் மட்டும் போதும் என்றிருந்த நிலை மாறியது. மாணவர் சேராமல் பல நிறுவனங்கள் மூடப்பட்டன.

எல்லோரும் தக்காளி போட்ட ஆண்டில் தக்காளி விலை என்னவாகும் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேளாண் படிப்பின் பெயரால் இன்று விளம்பரங்கள் பெருகி வருவதையும் அந்தக் கண் கொண்டே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணைப்போ அரசின் அங்கீகாரமோ இல்லாத ஒரு நிறுவனம் தரும் தாள், அரசு வேலைக்கும் உதவாது. கடை உரிமத்திற்கும் உதவாது. இணைப்பு உள்ளதா என்பதை அந்த நிறுவனத்தாரிடம் கேட்பதில் பயனில்லை. பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

சேர்வதற்கு முன் கணக்கு

கட்டணம் மட்டும் செலவன்று. விடுதி, சாப்பாடு, பஸ், புத்தகம், நகைக்கடன் வட்டி ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். படிக்கும் ஆண்டுகளில் ஈட்டாமல் போகும் வருவாயையும் அதனுடன் சேர்க்க வேண்டும். மாதம் ரூ. 15,000 சம்பளம் என்று வைத்துக் கொண்டாலும், இரண்டாண்டு முன்னதாக வேலைக்குச் சேர்பவர் அந்த இடைவெளியில் ரூ. 3,60,000 ஈட்டி விடுகிறார். நான்காண்டுப் பட்டம் பெற்றவர் அதன் பிறகு கூடுதலாகச் சம்பளம் பெற்று இத்தொகையை ஈடு கட்டினால் அப்படிப்பே மேல். ஈடு கட்டும் என்பதற்கு உறுதி உண்டா என்பதே கேள்வி.

கல்லூரியை நேரில் சென்று பார்ப்பதும் அவசியம். வயல் எங்கே என்று கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் மாணவர்கள் வயலில் இறங்குகிறார்கள் என்று மாணவர்களிடமே விசாரிக்க வேண்டும். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெயரும் ஊரும் சொல்லத் தயங்கும் கல்லூரியில் பணம் கட்டத் தயங்குவதே அறிவுடைமை.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் மற்றொன்றையும் விசாரிக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவியருக்காக 2022-ம் ஆண்டிலும், மாணவருக்காக 2024-ம் ஆண்டிலும் மாதம் ரூ. 1,000 வழங்கும் திட்டங்களைத் தமிழக அரசு தொடங்கியது. பட்டப் படிப்புக்கு மட்டுமன்றிப் பட்டயப் படிப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் அவை பொருந்துமாறு வகுக்கப்பட்டன. பஸ் செலவுக்குக் கடன் வாங்கும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

யாருக்கு ஏற்றது?

ஆராய்ச்சியில் நாட்டமும் அதற்குரிய மதிப்பெண்ணும் உள்ள மாணவர் நான்காண்டு வேளாண் பட்டத்தையே நாட வேண்டும். அவரை இரண்டாண்டில் நிறுத்துவது தவறு. வெயிலில் நிற்கப் பிடிக்காதவரை வேளாண் பட்டயத்தில் தள்ளுவதும் தவறு. வயலிலும் தோட்டத்திலும் நாட்டம் உண்டு, நான்கு மனிதரிடம் பேசத் தெரியும், குடும்பத்தின் கடன் சுமையும் தெரியும் என்ற பிள்ளைக்கே இது பொருத்தம். பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாது என்பதும் பழைய எண்ணமே. களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெண்கள் என்றிருக்கும் வயலில், அறிவுரை சொல்பவரும் பெண்ணாக இருந்தால் அது அவர்களை எளிதில் சென்றடையும்.

அரசும் கல்லூரிகளும் செய்ய வேண்டியவையும் உண்டு. களப்பணியிடங்களை ஆண்டுதோறும் தவறாமல் நிரப்பினால், பட்டயம் முடித்தவர்கள் வயது வரம்பைத் தாண்டும் வரையில் காத்திருக்க நேராது. ஒவ்வொரு கல்லூரியும் முடித்துச் சென்றவர்களின் வேலை விவரத்தைச் சேர்க்கைக் காலத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். விதைப் பையின் மேல் முளைப்புத் திறன் இத்தனை சதம் என்று அச்சிடச் சொல்கிறது சட்டம். பிள்ளையின் இரண்டு ஆண்டுகளை வாங்கிக் கொள்ளும் கல்லூரி அந்த அளவுக்காவது உண்மை சொல்லக் கடமைப்பட்டது.

வங்கி வாசலில் நிற்கும் அந்தத் தந்தை, நகையைக் கொடுப்பதற்கு முன் மகளிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இந்தச் சான்றிதழை எந்தச் சட்டம் கேட்கிறது? இதைக் கொண்டு வருபவருக்கு நம் வட்டாரத்தில் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? ஐந்து ஆண்டு கழித்து இதிலிருந்து எங்கே ஏறலாம்? மூன்றுக்கும் விடை கிடைக்கிற படிப்பு இரண்டாண்டாயினும் தயங்காமல் சேர்க்கலாம். விடை கிடைக்காத படிப்பு நான்காண்டாயினும், நகை வீட்டிலேயே இருக்கட்டும்.